கனவு என்று சொன்ன அக்கா

சூரிச் ஏரிக்கரை மண்டபத்தில் அந்த வாசனை மெழுகுவர்த்தியே உர்சீனாவுக்குக் குமட்டியது. ஆழ்மனப் பகுப்பாய்வு படிக்க வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாடம், சுமேரியர்களின் பழங்கதை. வானத்து ராணி இனன்னா, பாதாளம் போகும் வழியில் வாசலுக்கு ஒன்றாக நகையும் துணியும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அங்கே கிடக்கும் அக்கா எரெஷ்கிகல் முன்னால் அம்மணமாகப் போய் நிற்கிற கதை. எல்லோரும் ஆளுக்கொரு நகையைக் கழற்றித் தட்டில் வைத்தார்கள். பக்கத்திலிருந்த பெண் வெறும் மோதிரத்துக்கே கண் கலங்கினாள். சீ என்றிருந்தது.

ஆசிரியர் ஹெக்லின், உர்சீனா நேற்றுச் சொன்ன கனவை மறுபடி எடுத்தார். நிலவறை வீட்டில், காலி பாட்டில்களுக்கு நடுவே, தன் மூத்திரத்திலேயே அக்கா கிடக்கிறாள். தங்கை கதவைச் சாத்திவிட்டு ஓடுகிறாள். எவ்வளவு வளமான படிமம் என்று நேற்று எல்லோரும் சப்புக்கொட்டினார்கள். ஒளியும் இருளும், மேலும் கீழும் அங்கேதான் கூட வேண்டும் என்று ஹெக்லின் இன்றும் உருகினார்.

உர்சீனாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அது கனவு இல்ல, டாக்டர். என் அக்கா டோர்லி. ஓர்லிகான்ல இருக்கா. முந்தாநாள் போனேன். எழுந்திரிக்க முடியாம கெடந்தா. குடிச்சிருக்கான்னு விட்டுட்டு வந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு, அதான் கனவுன்னு சொன்னேன்."

ஹெக்லின் கனிவாகத் தலையாட்டினார்.

"கனவா நெசமான்னு நாம பிரிச்சுப் பாக்கறதில்லையே. உங்களுக்குள்ள கெடக்கற அக்காகிட்ட இப்ப என்ன சொல்லத் தோணுது?"

யாரோ குறிப்பெடுத்தார்கள். டோர்லி உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு வாய் கேட்கவில்லை. இரண்டு நாளாகத் தானும் கேட்கவில்லை, அக்கா எதன் அடையாளம் என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தோம் என்பது உறைத்தபோது, உர்சீனாவுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். ஆழ்மனம் எதிர்ப்புக் காட்டுவது நல்ல அறிகுறிதான் என்று ஹெக்லின் பின்னால் சொல்வது காதில் விழுந்தது.

ரயிலில் வழியெல்லாம் அக்காவுக்குப் போன் அடித்தாள். எடுப்பார் இல்லை.

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. டோர்லி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. அது இமைத்தது. உர்சீனா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அக்காவைத் தூக்க மண்டியிட்டு அக்குளில் கை கொடுத்தாள். ஈரம் சட்டையில் ஒட்டியது. அப்படியே குனிந்து தரையில் வாந்தி எடுத்தாள்.

டோர்லி மெல்லக் கையைத் தூக்கித் தங்கையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"எடுத்துருடி. எனக்கும் மொத நாள் இந்த நாத்தத்துல இப்படித்தான் இருந்துச்சு."

இருந்ததிலேயே அந்தக் கைதான் அதிகம் நாறியது. உர்சீனா நெற்றியை எடுக்கவில்லை.