எவரிஸ்டோ போய் வந்த ஊர்கள்

கல்யாணமாகி ஐம்பது வருடம் ஆனதற்கு மகள் நியேவெஸ் ஒரு வாரத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். மத்ரித், தொலேதோ, கோர்தோபா, செவில்லா.

"அப்பா சுத்தாத ஊரா? அம்மாதான் பாவம், நம்ம சரகோசாவைத் தாண்டினதே இல்ல. கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் காட்டுப்பா," என்றாள்.

எவரிஸ்டோ டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

தராசுக் கம்பெனியில் சேர்ந்தபோது, வெளியூர் விற்பனைச் சுற்று உங்களுக்குத்தான் என்று முதலாளி சொன்னது உண்மை. அதை எவரிஸ்டோ தன் மனைவி ஒப்துலியாவிடம் வந்து சொன்னதும் உண்மை. மறு வாரமே முதலாளி அந்தச் சுற்றைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டு இவரைக் கிடங்கில் உட்காரவைத்தது மட்டும் வீட்டுக்கு எட்டவில்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. கட்டின பெட்டியைப் பிரிப்பானேன் என்று தூக்கிக்கொண்டு கிளம்பினார். கல் பாலத்தைத் தாண்டி, எப்ரோ ஆற்றுக்கு அக்கரையில், வீட்டிலிருந்து கால் மணி நேர நடையில் ஒரு அறை பிடித்தார். முதல் தடவை போனது வெட்கத்தால். இரண்டாம் தடவை போனது, முதல் தடவை நன்றாகத் தூக்கம் வந்ததால். அப்புறம் மாதம் இரண்டு முறை, மூன்று மூன்று நாள், முப்பது வருடம். வீட்டிலிருந்து பார்த்தால் பிலார் தேவாலயத்தின் முகம் தெரியும், அறையிலிருந்து பார்த்தால் முதுகு தெரியும். அவர் செய்த பயணமெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததில்லை. தொலேதோ சந்தில் எதிரே வந்த பாதிரியாரோடு வயிறும் வயிறும் சிக்கிக்கொண்டு, பன்றிக் கொழுப்புத் தடவி இருவரையும் பிரித்த கதையைக் கொண்டுவந்தார். கோர்தோபா வெயிலில் கோவில் மணி இளகிப்போய், பன்னிரண்டு அடிக்கும்போது மாவு பிசைகிற சத்தம் வந்த கதையைக் கொண்டுவந்தார். செவில்லாவில் அவர் விற்ற தராசு அத்தனை நேர்மையாக நிறுத்ததில் மீன்காரன் மூன்றே வாரத்தில் கடையை மூடினான். கூடவே அந்தந்த ஊர்ப் பலகாரப் பெட்டியும் வரும். எல்லா ஊர்ப் பலகாரமும் சரகோசா ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடையில் கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம் கழிவறையில் உட்கார்ந்து வரைபடங்களை மனப்பாடம் செய்தார். ஒப்துலியா மலச்சிக்கலோ என்று நினைத்து உலர்ந்த பிளம்பழத்தை வேகவைத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் மாட்டிக்கொள்ளாமல் தாண்டிவிட்டால் போதும், செத்தபிறகும் நல்ல பேர் என்பது அவர் எண்ணம்.

மத்ரித் பிரச்சினை தரவில்லை. அங்கே யாருக்குமே வழி தெரியாது.

தொலேதோ வேறு மாதிரி. வரைபடத்தில் மேடு பள்ளம் போட்டிருக்கவில்லை. அரை நாள் ஏறி இறங்கி, மூன்றாவது முறையாக அதே வாள் கடையின் முன்னால் வந்து நின்றார்கள்.

"இவனுக்கு ஊரெல்லாம் கிளை இருக்கு," என்றார் எவரிஸ்டோ.

"அதே பூனையும் எல்லாக் கிளையிலயும் தூங்குது," என்றாள் ஒப்துலியா. "பாதிரியாரோட சிக்கின சந்து எது?"

"இடிச்சுட்டாங்க."

"அப்ப சரி. இப்படி இடது பக்கம் இறங்கினா சதுக்கம் வரும்னு தோணுது."

வந்தது. அவளுக்கு மூக்கு நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டினார். வயசாச்சுல்ல என்றாள்.

கோர்தோபாவில் பழைய மசூதிக்குள் எழுப்பியிருந்த தேவாலயத்தைச் சுற்றிக் கால் ஓய்ந்து, ஒரு சின்ன மதுக்கடைக்குள் அவர் நுழைவதற்குள் அவள் நுழைந்துவிட்டாள். உள்ளே வெள்ளை மீசைக்காரர் ஒருவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஒப்துலியாம்மா, வாங்க வாங்க. முழங்கால் எப்படி இருக்கு?"

கேட்காமலே குளிர்ந்த தக்காளிக் கூழ் வந்தது, அவளுக்குப் பிடித்தபடி முட்டை தூவாமல். மீசைக்காரர் எவரிஸ்டோவைச் சற்று நேரம் பார்த்தார். "இவர்தானா அவர்?" என்றார்.

"இவரேதான்."

"பரவால்ல, நான் இன்னும் உயரமா இருப்பார்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"உன்னை எப்படித் தெரியும் அவனுக்கு?"

"வேற யாரோன்னு நெனச்சிருப்பான்."

"பேரைச் சொன்னானே."

"நாட்டுல ஒரே ஒரு ஒப்துலியாவா இருக்கா? சாப்பிடு, சூடாயிடும்."

எழுபத்தைந்து வயதுக்குள் எவரிஸ்டோ வேறொரு ஒப்துலியாவைச் சந்தித்ததில்லை. ஆனாலும் சாப்பிட்டார். பொய் சொல்கிறவனுக்கு எதிராளியின் பொய்யைக் கிளறத் துணிவு வராது.

செவில்லாவில் வரைபடத்தை வெளியே எடுக்கவே இல்லை. அவள் முன்னால் நடந்தாள், இவர் பின்னால். ஒரு கன்னியர் மடத்தின் வாசலில் நின்றாள். மடத்து வெளிச்சுவரில் மரத்தால் செய்த சுழலும் பெட்டி ஒன்று இருக்கும். வெளியிலிருந்து வேண்டியதைச் சொன்னால், உள்ளேயிருந்து கன்னியர்கள் பலகாரத்தை வைத்துச் சுழற்றிவிடுவார்கள். முகம் பார்க்கிற வழக்கம் கிடையாது.

"மாசற்ற மரியே வாழ்க," என்றாள் ஒப்துலியா, மணியை இழுத்து.

உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கியது. பிறகு ஒரு கிழக்குரல்: "ஒப்துலியாவா? எத்தனை வருஷமாச்சு உன் குரல் கேட்டு. அவர் கெடச்சாரா?"

"கெடச்சாரு சிஸ்டர். பக்கத்துலதான் நிக்கிறாரு."

பெட்டி சுழன்று வந்தது. அதில் ஒரே ஒரு ஆளுக்கான பலகாரம்தான் இருந்தது.

அன்று மதியம் ஊர் திரும்பும் ரயில். பார்சிலோனா வரை போகிற வண்டி அது. கோர்தோபா தாண்டியது. ஜன்னலில் ஒலிவ மரங்கள் ஓடின.

"நீ ஒருதடவை தொலேதோ போறேன்னு கண்ணாடிய மறந்து வச்சிட்டுப் போயிட்ட," என்றாள் அவள். "கண்ணாடி இல்லாம தராசு முள்ளை நீ எப்படிப் பார்ப்பன்னு, நியேவெஸை எங்க அக்காகிட்ட விட்டுட்டு எடுத்துக்கிட்டு வந்தேன். தராசு இருக்கிற கடையெல்லாம் ஏறி எறங்கினேன். உன்னை ஒருத்தனுக்கும் தெரியல."

"கேட்டிருக்கலாமே ஒப்துலியா."

"கேட்டா ஒரு கதை சொல்லுவ. நல்லாத்தான் இருக்கும். நம்பிடுவேன். அதனால அடுத்த தடவை கோர்தோபா வந்தேன். அப்புறம் செவில்லா. நாலஞ்சு வருஷம் உன்னைத் தேடினேன். பெறகு தேடறத விட்டுட்டேன், வர்றத மட்டும் விடல." அவள் கைப்பையின் வாரை நீவிக்கொண்டாள். "இப்ப சொல்லு. அவ யாரு?"

"எவ?"

"எனக்குக் கோவமெல்லாம் போயிடுச்சு. பாத்திரம் தேய்க்கும்போது அவளோட போடாத சண்டையில்ல. செவத்த முடி, ஒல்லியா, நல்லாச் சிரிப்பா. அப்படித்தான் மனசுல வச்சிருந்தேன். அவ பேரு என்ன? அது மட்டும் சொல்லு."

எவரிஸ்டோ அந்த அறையை நினைத்துப் பார்த்தார். இரும்புக் கட்டில், டப்பாவில் அடைத்த மத்தி மீன், கால்பந்துச் செய்தித்தாள், யாரும் கூப்பிடாத மத்தியானத் தூக்கம். அங்கே ஒருத்தியும் வந்ததில்லை. வெறும் தூக்கத்துக்காகப் போனேன் என்பதைவிட, ஒருத்தி இருந்தாள் என்று சொல்வதுதான் இப்போது கருணை என்று அவருக்குப் புரிந்தது. சிவந்த முடிக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தார். கோவில் மணியையே இளகவைத்த மனிதருக்கு ஒரு பெண்பிள்ளையின் பெயர் வரவில்லை.

ஒப்துலியா அந்தத் திறந்த வாயை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருமே இல்லையா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சும்மா."

அவள் இரண்டு முறை தலையை ஆட்டினாள், மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல. பிறகு எழுந்து நடைவழிக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள். மத்ரித் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பார்சிலோனா வரை நீட்டித்துத் தரமுடியுமா என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்குமா, அம்மா?"

"நான் தனியாத்தான் வந்திருக்கேன்," என்றாள்.

சரகோசாவில் எவரிஸ்டோ தன் பெட்டியோடு இறங்கினார். நடைமேடையில் நியேவெஸ் பூங்கொத்தோடு நின்றிருந்தாள்.

"அம்மா எங்கப்பா?"

"பார்சிலோனா போறா."

"போப்பா, எறங்கினதும் கதையை ஆரம்பிச்சுட்டியா," என்று சிரித்தாள் அவள். பூங்கொத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவரைத் தாண்டி ரயில் கதவையே பார்த்தபடி காத்திருந்தாள். கதவு மூடிக்கொண்டது.