பாத்ரூமில் ஆள் இருக்கு

குழந்தை முன்னால் பெரியவர்கள் அழக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அக்கா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. எல்லோரும் பாத்ரூம் போனோம்.

நாலாவது மாடியில் இரண்டு அறை, ஒரே பாத்ரூம். அக்கா, அத்தான், அவர்களுடைய ஏழு வயது மகள், அப்புறம் ஒரு வாரம் தங்குகிறேன் என்று வந்து ஒரு வருடமாக சோபாவில் படுத்திருக்கும் நான். மருமகளுக்கு ரத்தப் புற்றுநோய். எட்டு மாதமாக மருந்து ஏறுகிறது. தலைமுடி போன இடத்தில் அதிகாரம் முளைத்துவிட்டதால் அவளை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம்.

ஒருவர் உள்ளே போய்த் தாழ் போடுவார். குழாய் முழுவேகத்தில் கொட்டும். பத்து நிமிடம் கழித்து பற்பசை விளம்பரம் மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்து, "சோப்பு கண்ணுல பட்டுடுச்சு" என்பார். எங்கள் கண்களில் பட்ட சோப்புக்கு ஒரு பட்டாளத்தையே குளிப்பாட்டியிருக்கலாம். பெற்றவர்கள் இருக்க, மாமன்காரன் முந்தக்கூடாது என்று நான் கடைசியாகத்தான் போவேன். ஒருநாள் தாங்காமல், வேலை செய்யும் பார்சல் கிடங்கில் எடைமேசைக்கு அடியில் குனிந்து அழுதேன். "என்னப்பா தேடுற?" என்றார் மேற்பார்வையாளர். "பேனா சார்" என்றேன். பாவம், அவரும் மண்டிபோட்டுத் தேடினார்.

அந்த வாரம் புது மருந்து. நர்ஸ் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். மருந்து மூத்திரப்பையில் தங்கினால் புண்ணாக்கிவிடும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் ஜாடியில் அளந்து எழுத வேண்டும். மாலை ஆறு மணிக்குள் எழுநூறு மில்லி வராவிட்டால் வார்டில் சேர்த்து ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றுவார்கள்.

வார்டு என்றாலே மேனேஜருக்கு ஆகாது. காலையிலேயே பாட்டிலும் நோட்டுமாக உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மணிக்குக் கணக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஐந்தேகாலுக்கு ஜாடியோடு போய்க் கதவைத் தட்டினாள்.

"அப்பா, எனக்கு வருது."

"ரெண்டே நிமிஷம் கண்ணு. அப்பா ஷேவ் பண்றேன்."

"உங்களுக்குத்தான் தாடி இருக்கே!"

பதிலுக்குக் குழாய் இன்னும் பலமாகக் கொட்டியது. அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னங்க, வெளிய வாங்க! குழந்தை நிக்கிறா!"

"வந்துட்டேன், வந்துட்டேன். மூஞ்சி மட்டும்..."

அத்தானுக்கு வர ஆசைதான். சிரிப்பை மாட்டாமல் எப்படி வருவது? அதை மாட்டிக்கொண்டு அவர் தாழை விலக்கியபோது தரையில் சின்னக் குளம்.

மேனேஜர் அழவில்லை. காலி ஜாடியை ஆட்டிக்கொண்டு கத்தினாள். "அளக்கவே இல்லையே! இப்ப யாரு வார்டுக்குப் போறது? நீங்க போங்க, நான் மாட்டேன்!"

"கண்ணு, அப்பாவுக்கு சோப்பு..."

"சும்மா சோப்பு சோப்புங்காதீங்கப்பா! மூணு பேரும் உள்ள போய் அழறீங்கன்னு எனக்குத் தெரியாதா? அழுங்க. குழாயை ஏன் திறக்கறீங்க? அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அவசரமா வருது!"

எட்டு மாத நாடகம். பார்க்க வந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

நர்ஸுக்குப் போன் போட்டேன். "சிஸ்டர், கீழ போயிடுச்சு. இப்ப எப்படி அளக்கறது?"

"துடைச்ச துணியை எடை போடுங்க. அதே மாதிரி காஞ்ச துணியோட எடையைக் கழிங்க. கிராமுக்கு ஒரு மில்லி. கையுறை முக்கியம். கலர் சிவப்பா இருக்கா?"

"இல்ல சிஸ்டர், வெளிர் மஞ்சள்."

பார்சல் நிறுக்கும் என் உத்தியோகத்துக்கு அந்த வீட்டில் முதல்முறையாக மரியாதை வந்தது. ஆனால் சமையல் தராசை எடுத்ததும் அக்கா பதறினாள். "டேய், அது மாவு நிறுக்கறதுடா!"

"வேற வாங்கிக்கலாம்க்கா. தள்ளு."

கையுறை மாட்டித் தரையைத் துண்டால் துடைத்து, தராசில் பிளாஸ்டிக் பையை விரித்து வைத்தேன். ஈரத் துண்டு முந்நூற்றெட்டு, ஜோடித் துண்டு இருநூற்றிருபது. எண்பத்தெட்டு மில்லி. மேனேஜர் நோட்டில் கூட்டிவிட்டு உதட்டைக் கடித்தாள். "அறுநூத்தி எழுபத்தெட்டு. இன்னும் இருபத்திரெண்டு வேணும்."

அவளே தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். "மாமா! என் பேன்ட்ல இருக்கே, அது?"

அக்கா அவளைத் தூக்கிப் போய்க் கழுவி வேறு உடை மாட்டுவதற்குள் அத்தான் அலமாரியைக் கலைத்து அதே ஜோடியில் இன்னொரு பேன்ட்டைக் கண்டுபிடித்தார். நனைந்தது நூற்று அறுபத்தைந்து, காய்ந்தது நூற்றிருபது.

"நாப்பத்தஞ்சு" என்றேன்.

"தண்ணி கிண்ணி தெளிக்கலையே?"

"சத்தியமா இல்ல மேனேஜர்."

எழுநூற்றிருபத்து மூன்று. போனில் சொன்னேன். "சரி, வீட்டுலயே இருக்கட்டும். தண்ணியை நிறுத்தாதீங்க" என்றார் நர்ஸ்.

அதைக் கேட்டதும் அத்தான் பழக்கத்தில் பாத்ரூம் பக்கம் திரும்பினார். மேனேஜர் கதவை மறித்து நின்றாள்.

"எதுக்குப் போறீங்க?"

"சும்மா..."

"சும்மான்னா ஹாலுக்குப் போங்க."

சோபாவில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார், வரவில்லை. அப்புறம் வந்தது. தாடி நனைய, அத்தனை பெரிய உடம்பு குலுங்க, வாய்விட்டு வந்தது. பக்கத்தில் போய் விழுந்தாள் அக்கா. எனக்கு அந்தண்டை மூலையில் இடம் கிடைத்தது.

மேனேஜர் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து டிவியைப் போட்டாள். ஒரு மிடறு குடித்தாள். ரிமோட்டை அமுக்கி அமுக்கிச் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் மெதுவா அழுங்கப்பா. கார்ட்டூன்ல என்ன பேசறாங்கன்னே கேக்கல."