மனை விலைக்கு வீடு

காலை பத்து ஐந்துக்கு லேத்காரர் கதவைத் திறந்தார். நாற்பது வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். மனைவி இல்லை, மகளோடு போய் இருக்கப் போகிறார். தரகர் அவரைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். வீட்டைப் பற்றி அதைவிடக் குறைவாகச் சொன்னார்.

"வீட்டை விடுங்க. இடத்துக்குத்தான் விலை."

என் கணவர் நேராகப் பின்பக்கம் போனார். மதிலோரமாக அடி வைத்து அளந்தார். வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் வீட்டைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

"இந்தக் கதவை லேசாத் தூக்கித்தான் தள்ளணும்," என்றார் லேத்காரர்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"எட்டு வருஷமா."

"மழைக்காலத்துல அதிகமாகுமா?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "ஆமாம்மா. அதிகமாகும்."

நான் நர்ஸ். இருபத்திரண்டு வருடமாக, ஷிப்ட் மாறும்போது படுக்கை படுக்கையாக நின்று, போகிறவள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். யாராவது ஒன்றைக் காட்டி இது இப்படி என்றால் என் கை நோட்டைத் தேடும். அன்றும் தேடியது. படுக்கையறைச் சுவரில் ஈரம். மழை நின்று இரண்டு நாள் கழித்து ஒழுகும் கூரை. சமையலறையில் சுவிட்சைப் போட்டால் கொல்லையில் எரியும் விளக்கு. எல்லாவற்றையும் எழுதினேன். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், என்ன செய்தால் குறைகிறது என்று கேட்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

என் கணவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன, கேஸ் ஷீட்டா? பாத்து, அட்மிட் பண்ணிடாத."

லேத்காரர் சிரித்தார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. உள்ளயே வரல. மண்ணை மிதிச்சுப் பாத்துட்டு விலை பேசினாங்க. முடியாதுன்னுட்டேன். நீங்க இடிக்க மாட்டீங்கல்ல?"

என் கணவருக்குப் பொய் வராது. காது சிவந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார். கட்டப் போகும் வீட்டின் படம் ஏற்கெனவே எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. மாடியில் மகளுக்கு ஒரு அறை, மகனுக்கு ஒரு அறை. இதை விட்டால் இந்த விலைக்கு வேறு மனை கிடையாது.

"பாத்துக்கலாம் சார்," என்றேன்.

வார்டில் தினமும் சொல்வது. பிழைக்காது என்று தெரிந்த படுக்கையின் பக்கத்தில் நின்றுதான் அதிகம் சொல்வோம். கேட்கிறவர்களுக்கு அது போதும். அவருக்கும் போதுமாக இருந்தது.

பத்திரம் பதிந்த அன்று சாவிக்கொத்தை என் கணவர் நீட்டிய கையில் அவர் வைக்கவில்லை. என்னிடம் கொடுத்தார். "உங்களுக்குத்தாம்மா வீடு தெரியும்."

அடுத்த ஞாயிறு போன் செய்தார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தொட்டி நிறையறப்ப ஒரு சத்தம் வரும். பயந்துடாதீங்க."

"சரி சார். எழுதிக்கிறேன்."

உண்மையாகவே எழுதினேன்.

மூன்றாவது வாரம் இடிக்கும் இயந்திரம் வந்தது. பகல் டியூட்டி முடித்துப் போய்ப் பார்த்தேன். வீடு நின்றபோது தெரிந்ததைவிட மனை சிறியதாகத் தெரிந்தது.

"சுவர் லேசுல விழல. மெஷின்காரனே அசந்துட்டான்," என்றார் என் கணவர். ஏதோ எங்களைப் பாராட்டியது போலச் சொன்னார்.

லேத்காரர் ஞாயிறுதோறும் கூப்பிட்டார். குளியலறை ஜன்னல் கொக்கியைப் போடாதீங்க, அப்புறம் திறக்க வராது. எழுதினேன். வெயில் காலத்துல கிழக்கு ரூம்ல படுங்க. எழுதினேன். ஒவ்வொரு முறையும் இடித்ததைச் சொல்லிவிட வாயெடுப்பேன். அதற்குள், "அங்க மழையாமே, ஒழுகுதா?" என்பார். "பரவால்ல சார்," என்பேன். பதினெட்டுப் பக்கம் ஆகிவிட்டது.

"நம்பரை பிளாக் பண்ணு. பெரியவருக்குப் பொழுது போகல," என்றார் என் கணவர்.

"பண்றேன்," என்றேன். பண்ணவில்லை.

நேற்று அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டார்கள். கொத்தனார் சுண்ணாம்புப் பொடியைத் தூவியபடி பின்னோக்கி நடந்தார். என் கணவர், "இதான் ஹால், இதான் ஹால்," என்று மண்ணில் நின்று கத்தினார். போன் அடித்தது.

"சத்தமா இருக்கே. வேலை நடக்குதா?"

"ஆமா சார்."

"நல்லது. நீங்க செய்வீங்கன்னு தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மக நல்லாத்தாம்மா பாத்துக்கறா. குறை சொன்னா நாக்கு அழுகிடும். தூக்கம்தான் வரல. மாத்திரையும் கேக்க மாட்டேங்குது. அதான், உங்ககிட்ட கேக்கலாம்னு. ஒரே ஒரு ராத்திரி. ஹால்ல ஒரு மூலையில படுத்துட்டு, விடிஞ்சதும் கிளம்பிடுவேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. வரட்டுமாம்மா?"