குதிகாலில் வந்த கல்

1954ஆம் ஆண்டு பங்குனி வெயிலில், சென்னைத் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத் தாது ஏற்றிக்கொண்டிருந்த பெண்களின் வரிசையைப் பிரம்பால் மறித்தார் மேஸ்திரி குமாரவேல். பிரம்பின் நுனி, முன்னால் நின்ற ஜீனத்தின் விரலைக் காட்டியது. வெள்ளி மோதிரத்தில் மிளகளவு கறுப்புக் கல் ஒன்று கண்ணாடிபோல் மின்னியது.

“இன்னாமே இது? ஆபீஸ் ரைட்டரோட நீலக்கல் மோதிரம் காணாப்பூட்ச்சு. கூடை தூக்குற கைல அது எப்டி வந்துச்சு?”

“நீலமா? சனி உன் கண்ணுல குந்திகினு கீது மேஸ்திரி.”

பெண்கள் சிரித்தார்கள். குமாரவேல் சிரிக்கவில்லை.

“கழட்டிக் குடு. இல்லாங்காட்டி கூடையை வெச்சுட்டு வூட்டுக்குப் போ. நாளைக்கும் வராதே.”

அந்தக் கூலியை விட்டால் ஜீனத்துக்கு வேறு பிழைப்பில்லை. ஆனாலும் மோதிரத்தை அவரிடம் தரவில்லை. டீக்காரரிடம் உடைந்த பீங்கான் சாசர் ஒன்றை வாங்கிக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில் மெருகேறாத விளிம்பில் கல்லை அழுத்தி இழுத்தாள். கறுப்புக் கல் ரத்தச் சிவப்பாய்க் கோடு போட்டது.

“நீலம் இப்டி எழுதுமா? நாங்க தூக்குற தாதுதான் இது. எங்க வூட்டுக்காரரு வண்ணாரப்பேட்டைல தங்க ரேக்கு ஒட்டுறவரு. இந்த மாதிரி கல்லாலதான் ரேக்கைத் தேய்ச்சு மெருகு ஏத்துவாரு. அவரே பட்டை தீட்டிக் குடுத்தாரு.”

குமாரவேலின் முகம் மலர்ந்தது.

“அப்போ தாதுவைத் திருடிக்கீறே. நீயே சொல்லிட்டே. இத்தினி பேரு சாட்சி.”

ஜீனத் காலை மடக்கிக் குதிகாலைத் திருப்பிக் காட்டினாள். நடுவே ஆழமான வடு.

“நானு எடுக்கல. அதுவா ஏறிச்சு. நொண்டிகினே வூட்டுக்குப் போனேன். புடுங்கினப்போ ரத்தம் நிக்கல. ‘உன் ரத்தம் குடிச்ச கல்லு, இனிமே உன்னைக் காக்கட்டும்’னு அவரு மோதிரத்துல வெச்சாரு. யாரு மேஸ்திரி திருடுனது, நானா, கல்லா?”

“பேச்சு வேணாம். கம்பெனிச் சொத்து ஒரு துளிகூட வெளிய போவக்கூடாது.”

“போவக்கூடாதா? சரி.”

முந்தானையை அவிழ்த்து ஓங்கி உதறினாள். சிவப்புத் தூசி மேஸ்திரியின் வெள்ளைச் சட்டையில் படிந்தது. பின்னால் நின்ற தேவப்பிரியம் தலைச் சும்மாட்டைப் பிரித்துத் தட்டினாள்.

“இந்தா நைனா, இதுவும் கம்பெனிதுதான்.”

இன்னொருத்தி காறித் துப்பினாள். அதுவும் சிவப்பு. வரிசையில் இருந்த நாற்பது பெண்களும் ஒவ்வொருவராக முன்னால் வந்து உதறினார்கள். கப்பல் சங்கு ஊதியது. ஒரு கூடையும் நகரவில்லை.

குமாரவேல் கண்ணைக் கசக்கியபடி பிரம்பை இறக்கினார்.

“போங்க, போய் வேலையைப் பாருங்க.”

ஜீனத் அசையவில்லை.

“மொதல்ல சொல்லு. நானு இன்னா திருடுனேன்?”