தகப்பனின் சம்மதம்

"பிள்ளைகளுக்க அப்பா எங்க அக்கா?" என்று பிரௌசிங் சென்டரில் இருந்த பிரீனா திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கடல்ல," என்றாள் ஜெனிலா.

எட்டு வருஷமாக எல்லோரிடமும் அவள் சொல்லிவரும் பதில் அது. பொய் என்றும் சொல்ல முடியாது. ஒக்கிப் புயலுக்கு மூன்று நாள் முன்னால் ஆழ்கடலுக்குப் போன ஆன்ட்ரூஸ் திரும்பவில்லை. படகும் இல்லை, உடலும் இல்லை. அப்போது மகன் பெனினுக்கு மூன்று வயது. ஷிபா வயிற்றில் இருந்தாள். அரசாங்கம் பிறகு இறப்புச் சான்றிதழ் கொடுத்தது. ஜெனிலா அதை மடித்து அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அவனுக்காகக் கோயிலில் பூசை வைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்களே, அந்தப் பட்டியலுக்கும் அவன் பெயரைக் கொடுத்ததில்லை.

பிரீனா பக்கத்து ஊரான குளச்சல்காரி, இது எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தக் கடற்கரை ஊர்களில் எந்த நாளில் கேட்டாலும் பாதி ஆண்கள் கடலில்தான் இருப்பார்கள். அவள் மேற்கொண்டு கேட்காமல், தாயும் தகப்பனும் சேர்ந்து சம்மதம் கொடுக்கும் படிவத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்றாக அச்செடுத்துக் கொடுத்தாள்.

"அண்ணன் கரைக்கு வந்ததும் ஒப்பு வாங்கிருங்க. ரெண்டு பேரும் ஒப்பு போட்டாத்தான் பாஸ்போர்ட் கிட்டும்."

ஜெனிலா திருத்தவில்லை. புருஷன் கடலில் இருக்கும்போது அவன் கையெழுத்தைப் பெண்சாதி போடுவது அங்கே வழக்கம்தான். பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகளில் இத்தனை வருஷமும் ஆன்ட்ரூஸ் என்று அவள்தான் போட்டு வந்தாள். இதிலும் போட்டுவிட்டால் அலமாரியைத் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்தாள். பஹ்ரைனிலிருந்து அக்கா ரீத்தா கிறிஸ்துமஸுக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டிருந்தாள். பாஸ்போர்ட் ஆபீஸில் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அது தப்பினால் இந்த வருஷம் போக முடியாது.

புதன்கிழமை காலையில் இரண்டு படிவத்திலும் தன் கையெழுத்தைப் போட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவனுடையதைச் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்துவிட்டு, நெய்யூர் ஆஸ்பத்திரியில் துணி தைக்கும் வேலைக்குப் போனாள்.

நாலரை மணிக்குத் திரும்பினாள். பெனினின் படிவத்தில் தகப்பன் கையெழுத்து இருந்தது. ஷிபாவினுடையதில் இல்லை.

காலை அவசரத்தில் தானே போட்டுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஆன்ட்ரூஸ் கையெழுத்தின் கடைசி இழுப்பு தூண்டில் முள்ளைப்போலக் கீழே வளைந்து மேலே ஏறும். எத்தனை முறை முயன்றும் அவளுக்கு அது வந்ததில்லை. இதில் வந்திருந்தது.

பெனின் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. ஷிபா தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, இதுல ஆரு எழுதினா?"

"அப்பா."

"எந்த அப்பா?"

"நம்ம அப்பாதான். அண்ணனுக்கு மட்டும் போட்டாரு. எனக்குப் போட மாட்டாராம்."

ஜெனிலாவுக்கு ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"அண்ணன நெறைய பாத்தாச்சாம், அவன் போகட்டும்னாரு. என்ன இன்னும் பாத்துத் தீரல்லயாம்." ஷிபா அடுத்த பிஸ்கட்டை எடுத்தாள்.

ஜெனிலா பக்கத்து வீட்டுக் குளோரியிடம் போய், யாராவது வந்தார்களா என்று பேச்சுவாக்கில் கேட்டாள். குளோரி வாசலிலேயே உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்க வீட்டுக்கு ஆருட்டி வரப் போறா? வந்தா நான் சும்மா இருப்பனா, இதுக்குள்ள ஊரு முழுக்கச் சொல்லியிருக்க மாட்டனா?"

வீட்டுக்குள் வந்து ஷிபாவின் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். வருஷக்கணக்காக அவள் போட்டுவந்த கையெழுத்து. அது எங்கே தொடங்கும் என்று நினைவுக்கு வரவில்லை. முதல் எழுத்தை மேலிருந்து இழுப்பதா, கீழிருந்தா? பேனா முனை காகிதத்தைத் தொட்டபடி நின்றது.

"நீ போடாத அம்மா," என்றாள் ஷிபா. அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பா கண்டுபிடிச்சிருவாரு."

ஜெனிலா பேனாவை மூடினாள். அவன் கடலில் இருக்கிறான் என்று தான் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவன் சம்மதமும் வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. இரண்டு படிவங்களையும் கிழித்தாள். அலமாரியைத் திறந்து புடவைகளுக்கு அடியில் கையை விட்டாள்.

மறுநாள் பிரீனா சான்றிதழின் தேதியைப் பார்த்தாள், ஜெனிலாவைப் பார்த்தாள். தாய் மட்டும் கையெழுத்திடும் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் ஆபீஸில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் காகிதங்களைப் புரட்டிவிட்டு, பிள்ளைகளின் தகப்பன் வரவில்லையா என்று கேட்டாள்.

"இறந்துட்டாரு."

அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பெனின் தலையைக் குனிந்துகொண்டான். ஷிபா அம்மாவைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, தூரத்தில் யாரோ பேசுவதைக் கவனிக்கிறவள்போல் நின்றாள்.

பெனினுக்குப் படமும் கைரேகையும் இரண்டு நிமிஷத்தில் முடிந்தன. ஷிபாவின் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் நின்றது.

"கை கழுவிட்டு வந்தியா பாப்பா?" என்று அந்தப் பெண் துணியால் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஷிபா இல்லை என்று தலையாட்டினாள். ஜெனிலா அவள் வலது கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. விரல் நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் கிடந்தவைபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இரண்டாவது முறையும் இயந்திரம் ஏற்கவில்லை. இன்னொரு நாள் வந்து பாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லத் தொடங்கினாள்.

ஜெனிலா தன் உள்ளங்கையை மகளின் விரல்கள்மேல் வைத்துக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தினாள்.

"அவள விடும்," என்றாள் மெதுவாக.

"நான் பிடிக்கவே இல்லியேம்மா," என்றாள் கவுன்ட்டர்ப் பெண்.

ஜெனிலா பேசியது அவளிடம் அல்ல. "நான் பூச வைக்கேன். பேரு குடுக்கேன். இவள விடும்."

பச்சை விளக்கு எரிந்தது.

"ஆச்சு. அடுத்த கை."

ஷிபாவின் இடது கை முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கமாக நீண்டிருந்தது. வாசலில் யாரும் இல்லை. ஜெனிலா குனிந்து அந்த முழங்கையை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தாள். ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு அவ்வளவு கனம் இருக்க முடியாது. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

கை வந்தது.