நல்ல கிருமிகள்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குப் 'பளிச்சு' என்று பெயர். அவள் கைபட்ட விரிப்பில் கறை மருந்துக்கும் இருக்காது. முதல் பிள்ளை ஆறாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டே நாளில் போய்விட்டது. அதிலிருந்து அவளுக்குச் சுத்தத்தின் மேல் இருந்த பற்று பயமாகவே மாறிவிட்டது.

இப்போது மறுபடி நாலு மாதம். வெள்ளைப்போக்கும் மீன் வாடையும் தொடங்கியிருந்தன. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து, தினம் இரண்டு வேளை உள்ளே வரை கழுவினாள். கழுவக் கழுவ வாடை கூடியதே ஒழியக் குறையவில்லை.

கண்டுபிடித்தவள் நாத்தனார். அவளுக்கு எதையும் சுற்றிவளைத்துப் பேச வராது.

"அண்ணி, இருக்கறது ஒன்றரை ரூம். கிருமி மருந்து மாசத்துக்கு மூணு பாட்டில் தீருது. எங்க போகுது?"

பளிச்சு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பல்வலின்னா சொல்வீங்க. இதை மட்டும் ஏன் பூட்டி வெச்சீங்க? கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

டாக்டரம்மா வெள்ளைப்போக்கைப் பஞ்சுக் குச்சியில் தொட்டெடுத்து லேபுக்கு அனுப்பினார். லேபுக்காரம்மா பளிச்சையே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

"இங்க குச்சி குச்சியா கூட்டமா இருக்கணும்மா. நல்ல கிருமிங்க. புளிப்பு உண்டாக்கி, மத்ததை அண்ட விடாது. உங்களுக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கு. மத்ததுங்கதான் குடியேறியிருக்கு."

பளிச்சு டாக்டரிடம் திரும்பி வந்து கேட்டாள்: "நான்தான் கழுவிக் கழுவித் துரத்திட்டேனா? முதல் குழந்தையும் அதனாலதானா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கழுவாதவங்களுக்கும் இது வருதும்மா. இது இருந்தா குறைமாசத்துல பிரசவமாகற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆனா அந்தக் குழந்தை இதனாலதான் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லிக்காதீங்க. மாத்திரை தரேன், வாடையும் போக்கும் நிக்கும். மாசம் முழுசா போகும்னு வாக்குக் குடுக்க முடியாது, கூடவே இருந்து பார்த்துக்கறேன். உள்ள கழுவறதை இன்னியோட விட்டுடுங்க. வெளியில வெறும் தண்ணி போதும்."

இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் கொஞ்சம் நகர்ந்தது போலிருந்தது.

ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டாள். கழுவாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வாடை மெல்ல மெல்ல நின்றது. அடுத்த பரிசோதனையில் லேபுக்காரம்மா வெளியே எழுந்து வந்து, "வந்துட்டாங்கம்மா, குச்சிக் கூட்டம்," என்று சிரித்தார். ஆறாம் மாதம் முழுக்கப் பளிச்சு வயிற்றைப் பிடித்தபடியே நடந்தாள். அது கடந்தது. ஏழும் எட்டும் கடந்தன. ஒன்பது நிறைந்து, ஒரு காலையில் பெண் பிறந்தாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, நன்றி சொல்லப் பிள்ளையோடு லேப் வாசலில் போய் நின்றாள்.

"நான் பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதானேம்மா," என்றார் லேபுக்காரம்மா.

"எனக்கும் காட்டுனீங்க. மூக்கைச் சுளிக்காம காட்டுனீங்க."

அவர் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது, கூட வந்திருந்த நாத்தனாரிடமும் நன்றி சொல்ல நினைத்தாள். அந்த வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

"நீ கேட்கலேன்னா நான் சொல்லியே இருக்க மாட்டேன்," என்றாள். "உனக்கு என்ன செய்வேன்னு தெரியல."

நாத்தனார் கையை நீட்டினாள். "பிள்ளையை இப்படிக் குடுங்க அண்ணி. எவ்வளவு நேரம்தான் நீங்களே சுமப்பீங்க?"