மூன்று புத்தகங்களும் பதினெட்டாம் நம்பர் வீடும்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரப்பர்ப் பால் நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய சின்னையா, தோட்ட ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு மனைவி மாறியிருந்தாள்.

“சின்னையா. மனைவி: பாப்பா. பிள்ளைகள்: ஐந்து” என்று கறுப்புப் புள்ளிகளால் ஆன எழுத்தில் அச்சாகியிருந்தது. பாப்பா என்பவள் பிச்சைமுத்துவின் மனைவி. சின்னையாவின் மனைவி வீரம்மாவோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இரண்டுதான்.

“அஞ்சு புள்ளையா?” என்றாள் வீரம்மா. “அதுவும் பாப்பாவோட! இது எத்தன வருசமா நடக்குது?”

“ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுலா! கம்ப்யூட்டரக் கேளு!”

பிச்சைமுத்துவின் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு எழுபத்தொரு வயதுள்ள ஒரு மனைவி கிடைத்திருந்தாள். அது இராமசாமியின் மாமியார். அந்தக் கிழவி பட்டியலைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிச்சைமுத்துவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பரவால்ல, வேலைக்குப் போற ஆளுதான்” என்றாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிக்காமல் நின்றவள் ஒருத்திதான். பட்டியலை ஒட்டியவள், நவமணி. ஆனைக்கல் தோட்டத்திலேயே பிறந்து, இப்போது ஈப்போவில் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். இருபத்தைந்து வயது. ஆறு மாதம் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. ஏனென்றால் பட்டியலின் நடுவில் இன்னொரு வரியும் இருந்தது. “ஐயாவு. மனைவி: மாரியம்மா.”

ஐயாவு கல்யாணமே செய்துகொள்ளாத ஒண்டிக்கட்டை. மாரியம்மா நவமணியின் அம்மா. கணவன் இறந்து பதினான்கு வருடம் ஆகிறது.

கூட்டம் சிரித்தாலும் விஷயம் விளையாட்டில்லை. தோட்டம் விற்றாகிவிட்டது. ரப்பர் மரங்களை அழித்துவிட்டு வீடுகள் கட்டப் போகிறார்கள். அதில், இன்றைக்கு வேலையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு என்று பேச்சு. யார் யார், எந்தக் குடும்பம் என்ற பட்டியல், வாங்கியவர்களின் ஆபீசுக்குச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதில் பெயர் இல்லாதவனுக்கு வீடு இல்லை. தப்பான மனைவியோடு பெயர் இருப்பவனுக்கும், சாவி வாங்கும் நாளில் அடையாள அட்டையான ஐசியையும் கல்யாணப் பத்திரத்தையும் ஒத்துப் பார்க்கும்போது, வீடு இல்லை.

தப்பு எங்கே என்று நவமணிக்கு முதலில் பிடிபடவில்லை. மூன்று புத்தகங்களிலிருந்து அவள் மூன்று கோப்புகள் செய்திருந்தாள். முதல் புத்தகத்தில் குடும்பத் தலைவரின் வேலை எண்ணும் பெயரும். இரண்டாவதில் எந்த வேலை எண்ணுக்கு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எந்த வீடு என்பது. மூன்றாவது, தோட்ட ஆஸ்பத்திரியில் வீடு வீடாகப் போய் எழுதியது. எந்த வீட்டில் எந்தப் பெண்கள், எத்தனை பிள்ளைகள். வேலை எண்ணை வைத்து வீட்டைப் பிடி, வீட்டு எண்ணை வைத்துக் குடும்பத்தைப் பிடி, முதலில் வரும் பெண்ணை மனைவி என்று போடு. இதுதான் கம்ப்யூட்டருக்கு அவள் இட்ட உத்தரவு. அதுவும் சொன்ன பேச்சைத் தட்டாமல் அறுபத்து நான்கு குடும்பங்களைப் பத்தே நிமிடத்தில் கலைத்துப் போட்டுவிட்டது.

“பாப்பா எந்த வீட்ல இருக்காங்க சித்தப்பா?” என்று சின்னையாவைக் கேட்டாள்.

“எட்டாம் நம்பருலா. நா மொத இருந்த வீடு.”

“மொத இருந்தீங்களா? எப்ப மாறுனீங்க?”

“அது ஆச்சு பத்து, பன்னெண்டு வருசம்.”

“ஆபீஸ்ல சொன்னீங்களா?”

சின்னையா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஈப்போவுக்குப் போனதும் எல்லாம் மறந்து போச்சா ஒனக்கு? சொன்னா விடுவானா தொர?”

அதுதான் சங்கதி. வீடு மாற வேண்டுமென்றால் துரையிடம் மனுப் போட வேண்டும். துரை முடியாது என்பார். ஆகவே யாரும் மனுப் போடுவதில்லை. இருவர் பேசிக்கொள்வார்கள், ஞாயிற்றுக்கிழமை சட்டி பானையைத் தூக்கி எதிரும் புதிருமாக நடப்பார்கள், சாயங்காலத்துக்குள் குடித்தனம் மாறிவிடும். ஆபீசில் இருந்த இரண்டாவது புத்தகம் மட்டும் 1971ஆம் ஆண்டிலேயே உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை காலை ஈப்போ ஆபீசில் நவமணி இதைச் சொன்னபோது, மேலாளர் பெத்தபெருமாள் நம்பவில்லை. செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. கம்ப்யூட்டர் வந்திறங்கிய அன்று அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியவர். அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார்.

“கம்ப்யூட்டர் எப்படிம்மா தப்பாச் சொல்லும்?”

“அது தப்பாச் சொல்லல சார். ரெண்டாவது புத்தகம் பொய் சொல்லுது. எனக்கு நாளைக்கு ஒரு நாள் குடுங்க, வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதிட்டு வாரேன்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?”

“முடிக்கணும் சார்.”

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் செமோர் போய் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தாள். யார் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு என்றுதான் அவள் கேட்டாள். தோட்டமோ ஏன் மாறினோம் என்பதைச் சொல்லாமல் விடுவதாக இல்லை. எட்டாம் நம்பரின் பின்னால் ஒரு டுரியான் மரம். பருவம் வந்தால் தகரக் கூரையில் இரவெல்லாம் பழம் விழுந்து சின்னையாவுக்குத் தூக்கம் போயிற்று. அதே மரத்துக்காகத்தான் பிச்சைமுத்து ஆசைப்பட்டு அங்கே வந்தார். இராமசாமிக்குப் பழைய வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் ரேடியோ பிடிக்கவில்லை. பத்துமலை என்பவர் மூன்று முறை வீடு மாறி, மூன்றாவது முறை தன் பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார். மொத்தத் தோட்டத்திலும் புத்தகத்துக்கு ஒத்து வாழ்ந்த மனுஷன் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குப் பெருமை வேறு.

கடைசியாக முப்பத்தொன்றாம் நம்பர். லயத்தின் கடைக்கோடியில், ஆற்றோரப் பள்ளத்தில் இருந்தது. அங்கேதான் ஐயாவு இருந்தார். சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளம் வந்து போன கறை.

“நீங்க பதினெட்டுலதான மாமா மொத இருந்தீங்க? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“ஆமா.”

“அங்கேருந்து ஏன் இங்க வந்தீங்க?”

“இங்க காத்து நல்லா வரும்” என்றார் ஐயாவு, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பதினெட்டாம் நம்பர் மேட்டில் இருந்தது. குழாயடிக்குப் பக்கம். அதில் இப்போது இருப்பது நவமணியின் அம்மா. முப்பத்தொன்றிலிருந்து அங்கே மாறியபோது நவமணிக்குப் பதினோரு வயது. தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணிதான் இரக்கப்பட்டு மாற்றிக் கொடுத்தார் என்று அம்மா சொல்லி, அவளும் இத்தனை காலம் அந்தக் கிராணியை நல்லவர் என்று நினைத்திருந்தாள்.

திரும்பும் வழியில் வீரம்மாவைக் கேட்டாள்.

“கிராணியா?” வீரம்மா சிரித்தாள். “அந்த ஆளு ஒரு ஆணியக்கூட மாத்த மாட்டாரு. ஒங்கப்பா செத்த வருசம் பெருமழடி. வீட்டுக்குள்ள தண்ணி. ஒனக்குக் காச்சலு. ஐயாவு அண்ணன்தான் ஒங்க சாமானையெல்லாம் மழையில தூக்கி மேட்டு வீட்ல வச்சிட்டு, தன் பாயச் சுருட்டிக்கிட்டு கீழ போயிட்டாரு. ஊரு எதாச்சும் பேசும்னு, கிராணி மாத்துனாருன்னு சொல்லச் சொன்னதும் அவருதான்.”

நவமணி நடு வழியில் நின்றாள். நன்றி சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டுப் பதினான்கு வருடம் வேறு யாருக்கோ கும்பிடு போட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. லயத்தில் இருக்கிற அத்தனை ஆண்களையும் அம்மா அண்ணே, தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஐயாவுவை மட்டும் ஒரு நாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. “இந்தாங்க” என்பாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது கோப்பைத் திருத்தி, எந்த வீட்டில் யார் மனைவி என்பதையும் கேட்டு வந்தபடி குறித்து, மறுபடியும் மூன்றையும் சேர்த்து எடுத்தாள். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டே காகிதத்தைத் தள்ளியது. சின்னையாவுக்கு வீரம்மா வந்தாள். பிச்சைமுத்துவுக்கு டுரியானும் பாப்பாவும் ஐந்து பிள்ளைகளும் வந்தார்கள். மாமியார், மனைவி என்ற இடத்தை மகளுக்கு விட்டுவிட்டு, இராமசாமியிடமே போய்ச் சேர்ந்தாள். ஐயாவுவின் பெயருக்கு எதிரே மனைவி என்ற இடம் காலி. எல்லாம் சரி. அறுபத்து நான்கு குடும்பம். நவமணி தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

பிறகுதான் தேடினாள். மாரியம்மா என்ற பெயர் எங்குமே இல்லை.

மறுபடியும் தேடினாள். இல்லை. காரணம் அவளுக்கே தெரிந்ததுதான். போன வருடம் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து முடிந்து வேலையிலிருந்து நின்றுவிட்டாள். முதல் புத்தகத்தில் அவளுக்கு எண் இல்லை. எண் இல்லாதவளுக்கு வீடு இருந்தும் கம்ப்யூட்டர் அவளைப் பார்க்காது. தப்பான பட்டியலில் ஐயாவுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவளை, மகள் தன் கையாலேயே திருத்தி வெளியே தள்ளியிருந்தாள். பெத்தபெருமாளிடம் ஓடி, தன் அம்மா என்று சொல்லாமல், வேலையிலிருந்து நின்ற ஒருத்திக்கு வீடு உண்டா என்று கேட்டாள்.

“சட்டம் அதுதானேம்மா” என்றார் பெத்தபெருமாள். அவருக்கும் வருத்தம்தான். “வேலையில உள்ள குடும்பத்துக்குத்தான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நான் கையெழுத்துப் போடணும்.”

மதியமே விடுப்புச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள். அம்மா தேத்தண்ணி கலந்துகொண்டிருந்தாள். ஐயாவு வெளியே ஏணி போட்டுத் தகரக் கூரையில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கூரையில் ஏறாத மாதமே இல்லை என்பதும் நவமணிக்கு அப்போதுதான் உறைத்தது.

“பசியாறிட்டியா?” என்றாள் அம்மா.

“அம்மா, பட்டியல்ல ஒன் பேரு இல்லம்மா.”

“இல்லாட்டிப் போவுது.”

“போவுதா? எங்க போயி இருப்ப? எங்கூட ஈப்போவுக்கு வந்துரு.”

“ஒன் ரூம்ல கால நீட்டுனா செவுரு இடிக்குது. நா வரமாட்டேன்.” அம்மா வீம்பாகத்தான் சொன்னாள். ஆனால் சீனி போட்ட கோப்பையிலேயே மறுபடியும் சீனி போட்டாள். அதைப் பார்த்ததும் நவமணிக்கு அழுகை வந்துவிட்டது.

ஐயாவு ஏணியிலிருந்து இறங்கினார். வாசலோடு நின்றுகொண்டார்.

“மொதப் பட்டியல்ல இருந்துச்சேம்மா” என்றார்.

“அது தப்பு மாமா. சாவி குடுக்கறப்ப கல்யாணப் பத்திரம் கேப்பாங்க.”

“சாவி எப்பக் குடுப்பாங்க?”

“கட்டி முடிக்க ரெண்டு வருசம் ஆவும்.”

“பத்திரம் வாங்க எத்தன நாளு?”

“நோட்டீஸ் ஒட்டி, ஒரு மூணு வாரம்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வீட்டுக்காகக் கேக்கறீங்களா?”

“வீட்டுக்குன்னா நா ஏன் கேக்கணும்?” என்றார் ஐயாவு. “வீட்ட அப்பவே குடுத்துட்டேன். அதுக்கு ஒங்கள ஒண்ணும் கேக்கலியே.”

அம்மா அவரைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது திட்டுதான்.

“பதினாலு வருசமா வாயில என்னா கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு...”

“இப்பதான் கோவிச்சுக்கிறேன். உள்ள வந்து ஒக்காருங்க. தேத்தண்ணி ஆறுது.”

பதினான்கு வருடமாகக் கூரை மேல் ஏறியவர், அன்றைக்குத்தான் அந்தக் கூரைக்கு அடியில் வந்து உட்கார்ந்தார். நவமணி அழுகையும் சிரிப்புமாகக் கூட ஒரு கோப்பை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெத்தபெருமாள் பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரிவரியாகத் தடவி வந்தார். நடுவில் விரல் நின்றது.

“எல்லாம் மாறியிருக்கு. பத்துமலைய விட்டா இந்த ஐயாவு வரி மட்டும் பழையபடியே இருக்கே? நேத்து இந்த இடம் காலியா இருந்துச்சே?”

“இன்னும் மூணு வாரத்துல அது சரியாயிரும் சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நிச்சயம் ஆயிருச்சாம்மா?”

“நேத்து சாயங்காலம் நாலரைக்கு சார்.”

“யார் பேசி முடிச்சது?”

“அவங்களேதான்.”

பெத்தபெருமாள் பேனாவை எடுத்து, ‘மனைவி’ என்ற சொல்லுக்கு மேலே ‘ஆகப்போகிறவர், நிச்சயம் ஆனது’ என்று தன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, கம்பெனி முத்திரையையும் குத்தினார். கோப்பை மூடப் போனவர், ஏதோ நினைத்தவராக நிமிர்ந்தார்.

“பொண்ணு யாரும்மா? தெரிஞ்சவங்களா?”

“எங்கம்மா சார்.”

அவர் ஒரு கணம் நவமணியைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, முதல் தடவையே நன்றாக விழுந்திருந்த முத்திரையை, இன்னொரு தடவை அழுத்திக் குத்தினார்.